இரண்டு விமானமும் நலம்

ஆஸ்பத்திரி வராந்தாவில் பல் டாக்டரைக் கண்டதும் அவருடைய மனைவியின் தங்கை ஓடிவந்து அவர் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள். "மாமா, நீங்க மட்டும் இல்லேன்னா அவரு இன்னிக்கு..." என்று தொடங்கியவள் அந்தக் கைகளிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். எதிர் நாற்காலியில் இருந்த யாரோ ஒரு பெரியவர் எழுந்து வந்து, "நீங்கதானா அது? பேப்பர்ல பார்த்தேன். எங்க தேடணும்னு மனசே சொல்லுச்சாமே?" என்று கேட்டார். பல் டாக்டர் தலையை ஒரு மாதிரி ஆட்டிவைத்தார். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். பெரியவர் ஆமாம் என்றே எடுத்துக்கொண்டார். ஊரே அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தது.

மனசாவது மண்ணாவது. எங்கே தேட வேண்டும் என்று பல் டாக்டருக்குத் தெரியும், அவ்வளவுதான். எப்படித் தெரியும் என்பதைத்தான் அவரால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

அக்காவைக் கட்டியவர் பல் டாக்டர், தங்கையைக் கட்டியவர் மரச்சாமான் கடைக்காரர். சகலைகள் இருவருக்கும் ஆளுக்கொரு சின்ன விமானம் உண்டு. "பல்லைப் பிடுங்கிப் பிடுங்கியே பிளேன் வாங்கிட்டார்" என்று மூத்தவரையும், "கட்டில் வித்தவன் காத்துல மிதக்கிறான்" என்று இளையவரையும் சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். வயிற்றெரிச்சலில் பேசுவதுதான். உண்மையில் இரண்டும் பல கை மாறி வந்த பழைய விமானங்கள். மூத்தவருடையது வேகமாகப் போகும், உயரப் போகும், இரண்டு ரேடியோ வைத்தது. இளையவருடையது மஞ்சள் இறக்கை வைத்த ஒரு கிழம். ஒரே ஒரு ரேடியோ. அதுவும் சமீபத்தில்தான் பறக்கும் கிளப்பின் மெக்கானிக் பெண் புதிதாகப் பொருத்திக் கொடுத்தது.

அவ்வப்போது இரண்டு பேரும் சேர்ந்து நீண்ட பயணம் கிளம்பிவிடுவார்கள். வழியில் பெரிய பொட்டல் வெளி ஒன்று வரும். ஊர் கிடையாது, சாலை கிடையாது. அங்கே தாழப் பறக்கிறவன் ரேடியோவில் பேசினால் தரையில் இருக்கும் கன்ட்ரோலுக்குக் கேட்காது. ரேடியோ அலை நேராக மட்டுமே போகும். மேடும் பூமியின் வளைவும் குறுக்கே வந்தால் அதோடு சரி. உயரப் பறக்கிறவன் பேசினால்தான் எட்டும். ஆகவே அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. மூத்தவர் உயரத்தில் முன்னால் போவார், இளையவர் கீழே பின்னால் வருவார். தங்களுக்கென்று வைத்துக்கொண்ட ஓர் அலைவரிசையில் இருவரும் பேசிக்கொள்வார்கள். அடையாளமான இடம் ஒவ்வொன்றையும் தாண்டும்போது மூத்தவர் இளையவரை விசாரித்துவிட்டு, இன்னொரு ரேடியோவில் கன்ட்ரோலைக் கூப்பிட்டு, இருவருக்குமாகச் சேர்த்து "ரெண்டு விமானமும் நலம்" என்பார். யாராவது காணாமல் போனால், கடைசியாக நலம் சொன்ன இடத்திலிருந்துதான் தேட ஆரம்பிப்பார்கள். பின்னால் வருகிறவனின் உயிரே அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. பல் டாக்டருக்கு இது தெரியாமல் இல்லை. கிளப்பில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதைப் பற்றி வகுப்பெடுப்பதே அவர்தான்.

ஏற்பாட்டில் இருந்த ஒரே ஓட்டை சகலையின் வாய். நாலு வார்த்தை பேசிவிட்டு மைக்கை வைப்பது என்ற பழக்கம் அவருக்குப் பிறவியிலேயே கிடையாது. கிளப்பில் அவருக்கு 'ஒலிபரப்பு' என்றே பெயர். கடைக்கு வந்தவர், வந்துவிட்டு வாங்காமல் போனவர், மேகத்தில் தெரியும் மூக்கு, தன் விமானத்தின் கதவு போடும் சத்தம் என்று ஒன்று விடாமல் வரும். "அண்ணே, கேக்குதா?" என்று ஆரம்பிப்பார். "கேக்குது" என்று சொல்லிவிட்டால் தொலைந்தது. பல் டாக்டரோ காலம் முழுக்க வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேச முடியாமல் கிடப்பவர்களோடு பழகியவர். நாற்காலியில் சாய்ந்த பிறகும் பேச முயல்கிறவர்களைக் கண்டால் பஞ்சை வைத்து அடைத்துவிடுவார்.

அன்றைக்கு வறண்ட ஏரியைத் தாண்டும் வரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. மூத்தவர் விசாரித்தார், இளையவர் பதில் சொன்னார், கன்ட்ரோலுக்கு நலம் போயிற்று. அதற்குப் பிறகுதான் கட்டில் கதை ஆரம்பித்தது.

"அண்ணே, கேக்குதா? ஒருத்தர் நம்ம கடையில கட்டில் வாங்கிட்டுப் போனாரு. மறுநாளே போன். படுத்தா கிறீச்சு கிறீச்சுங்குதாம். நானே போய்ப் படுத்துப் பார்த்தேன், சத்தமே இல்ல. கடைக்குத் திரும்பி வந்து உக்காரல, மறுபடியும் போன்..."

கதை நகர்கிற வழியாக இல்லை. சகலை அந்த வீட்டு மாடிப்படியை வர்ணித்தார். படியில் படுத்திருந்த பூனையை வர்ணித்தார். மெத்தை உறை என்ன நிறம் என்பதில் அவருக்கே சந்தேகம் வந்து, நீலமா பச்சையா என்று கொஞ்ச நேரம் தனக்குத்தானே வாதாடினார். பல் டாக்டருக்கு மண்டை காய்ந்தது. கீழே பொட்டல், மேலே ஆகாயம், நடுவில் இந்தக் கிறீச்சு. கை தானாக நீண்டு, சகலையின் குரல் வரும் ரேடியோவின் சத்தம் வைக்கும் திருகியைக் கடைசி வரை குறைத்தது. அப்பாடா என்று இருந்தது. உண்மையாகவே வாய்விட்டு "அப்பாடா" என்று சொல்லவும் செய்தார். இப்போது அவரைப் போட்டு வதைப்பது அந்த அப்பாடாதான்.

அடுத்த அடையாளமான இரட்டைக் குன்று வந்ததும் கூட்டிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தார். குன்றும் வந்தது. கூட்டினால் கட்டில் வரும், கட்டிலோடு மெத்தையும் பூனையும் வரும். ஏரியைத் தாண்டியவன் குன்றைத் தாண்டாமல் எங்கே போய்விடப் போகிறான்? சகலை தாண்டியிருக்கக்கூடிய நேரத்தைக் குத்துமதிப்பாகக் கணக்குப் போட்டுக்கொண்டு, கன்ட்ரோலைக் கூப்பிட்டார். "இரட்டைக் குன்றைத் தாண்டியாச்சு. ரெண்டு விமானமும் நலம்" என்றார். குரலில் ஒரு தடுமாற்றம்கூட இல்லை.

அந்த நேரத்தில் சகலை, ஏரிக்கும் குன்றுக்கும் நடுவில் ஒரு பாறை மேட்டில், தலைகுப்புறக் கிடந்த விமானத்துக்குள், நசுங்கிய பெடல்களில் மாட்டிக்கொண்ட காலோடு தொங்கிக்கொண்டிருந்தார். ஆபத்தில் தானாகக் கூவ வேண்டிய அவசரக் கருவியின் ஏரியலும் விழுந்த வேகத்தில் ஒடிந்து போயிருந்தது.

போக வேண்டிய இடத்தில் இறங்கி இன்ஜினை நிறுத்திய பிறகுதான் பல் டாக்டர் பின்னால் திரும்பிப் பார்த்தார். வானம் காலியாக இருந்தது. திருகியைக் கூட்டினார். வெறும் இரைச்சல். "தம்பி, கேக்குதா?" என்று கூப்பிட்டார். அந்தக் கேள்வியை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. பதில் வரவில்லை. சகலையின் விமானத்தில் இருந்த பெட்ரோல் தீரும் நேரமும் கடந்தது. அதற்குப் பிறகு தேடுதல் தொடங்கியது.

விசாரிக்க வந்த அதிகாரி நல்ல மனிதர். அதட்டவில்லை, மிரட்டவில்லை. "குன்றைத் தாண்டினப்ப அவர் உங்ககிட்ட பேசினாரா சார்?" என்றுதான் கேட்டார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், இருட்டுவதற்குள் ஹெலிகாப்டர் ஏரிப் பக்கம் போயிருக்கும். பல் டாக்டர் வாயைத் திறந்தார். "பேசினான். ஆனா அவன் ரேடியோ விட்டு விட்டுத்தான் கேட்டுச்சு. தாண்டிட்டதா நான் எடுத்துக்கிட்டேன்" என்ற வார்த்தைகள் வெளியே வந்து விழுந்தன. வகுப்பெடுக்கிறவரின் மானம் இருக்கிறதே, அது பொல்லாதது. சகலையின் உயிர் ஒரு பக்கம் ஊசலாடிக்கொண்டிருக்கும்போதே அது தன்னைக் காப்பாற்றிக்கொண்டுவிட்டது.

"குன்றுக்கு இந்தப் பக்கமும் கொஞ்சம் பார்க்கலாமே" என்று பிறகு பலமுறை சொல்லிப் பார்த்தார். "அவர் தாண்டிட்டார்னு நீங்கதானே சார் சொன்னீங்க?" என்று அதிகாரி மரியாதையாகவே கேட்டார். கேட்டவுடன் பல் டாக்டர் வாயை மூடிக்கொண்டார். தேடியவர்கள் இருட்டும் வரை குன்றுக்கு அந்தப் பக்கமே அலைந்துவிட்டுத் திரும்பினார்கள். அந்த இரவைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. விடிந்ததும் பல் டாக்டர் தன் விமானத்தை எடுத்துக்கொண்டு நேராக ஏரிக்கும் குன்றுக்கும் நடுவில் போனார். மஞ்சள் இறக்கை தெரிந்தது. கன்ட்ரோலைக் கூப்பிட்டு இடத்தைச் சொன்னபோது அவர் தேம்பி அழுதது ஒலிப்பதிவில் இருக்கிறதாம். கேட்டவர்கள் எல்லோரும் என்ன பாசம், என்ன பாசம் என்று உருகினார்கள். பாசமும் இருக்கத்தான் செய்தது.

சகலை பிழைத்துக்கொண்டார். வலது கால் மட்டும் கணுக்காலுக்கு மேலோடு போய்விட்டது. "நேத்து சாயங்காலமே கொண்டு வந்திருந்தா காலைக் காப்பாத்தியிருக்கலாம்" என்று ஆபரேஷன் செய்தவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். யாரையும் குறை சொல்லிச் சொன்னது அல்ல. பல் டாக்டர் அப்போது பக்கத்திலேயே நின்றிருந்தார்.

அதற்குப் பிறகு அவருக்கு எங்கே போனாலும் பாராட்டுதான். கிளினிக்கில் பல்வலிக்காரர்கள் வீங்கிய கன்னத்தோடு கை குலுக்கினார்கள். வாயில் கருவியை விட்ட பிறகும் அவர்கள் "ஆ... ஊ..." என்று எதையோ புகழ முயன்றார்கள். வீட்டில் மனைவி, தட்டில் போட்டது போட்டபடி இருப்பதைப் பார்த்துவிட்டு, "என்னங்க, இப்படிச் சாப்பிடாம கிடந்தா எப்படி? கூடப் பிறந்த தம்பியா நெனச்சீங்க, அதான் உங்களுக்குத் தாங்கல" என்று முதுகைத் தடவிக்கொடுத்தாள். "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று அவர் எத்தனையோ தடவை ஆரம்பித்தார். "என்ன?" என்று அவள் முகம் பார்த்ததும், மழை வரும் போலிருக்கிறது என்றோ, தண்ணீர் மோட்டார் சத்தம் போடுகிறது என்றோ முடித்தார். இப்படியே அந்த வீட்டில் ஒன்றும் கெடாத மோட்டாரைக் கழற்றிப் பார்க்க ஆள்கூட வந்துவிட்டுப் போய்விட்டான்.

இன்றைக்கும் கொழுந்தியாவின் பிடியிலிருந்து கைகளை விடுவித்துக்கொண்டு அவர் சகலையின் அறைக்குள் நுழைந்தபோது, சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தார். தினமும் அப்படித்தான் வந்தார்.

தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்த சகலையின் முகம் பிரகாசமானது. ஆள் பாதியாகியிருந்தார், பேச்சு மட்டும் குறையவில்லை. "அண்ணே, வாங்க வாங்க. ஒரு லாபத்தைப் பார்த்தீங்களா? இனிமே எனக்கு ஒரு செருப்பு எப்பவும் புதுசாவே இருக்கும்."

"சும்மா இருங்க" என்றாள் பின்னாலேயே வந்த கொழுந்தியா.

"அழுதா மட்டும் முளைக்கவா போகுது? உக்காருங்கண்ணே. நேத்து ராத்திரி யோசிச்சுப் பார்த்தேன். இன்ஜின் நின்னதும் நான் அவசர அலைவரிசைக்கு மாத்தியிருக்கணும். யாராவது பெரிய விமானத்துக்காரன் காதுல விழுந்திருக்கும். ஆனா எனக்கு அது தோணவே இல்ல. மேல அண்ணன் இருக்காரு, கேட்டுக்கிட்டிருக்காருன்னு உங்களையேதான் கூப்பிட்டேன். விழுந்தப்புறம் ரேடியோவுல கரண்டே கிடையாது. அப்பவும் மைக்கைப் பிடிச்சுக்கிட்டுப் பேசிக்கிட்டே கிடந்தேன். பைத்தியக்காரன்."

"அந்தப் பாழாப்போன ரேடியோ மட்டும் வேலை செஞ்சிருந்தா!" என்றாள் கொழுந்தியா.

அப்போது வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். மெக்கானிக் பெண் நின்றிருந்தாள். நாற்பது வயதைத் தாண்டியவள். நகக்கண்களில் எண்ணெய்க் கறுப்பு. ஒரு பழைய துண்டில் சுற்றி எதையோ மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். உள்ளே வந்து, கட்டிலின் கால்மாட்டில் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்துவிட்டு, சட்டென்று பார்வையை மாற்றிக்கொண்டாள். துண்டைப் பிரித்தாள். சகலையின் விமானத்து ரேடியோ.

"செட்டை மேசையில வச்சு சோதிச்சுட்டேன் சார்" என்றாள். "நல்லாப் பேசுது, நல்லாக் கேக்குது. அப்போ ஏரியல் வயர் இணைப்புலதான் கோளாறு இருந்திருக்கணும். அது நொறுங்கிப்போச்சு, இனி பார்க்க வழியில்ல. ஆனா அதை மாட்டினது நான். அன்னிக்கு அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு போன் வந்துச்சு, அவசரமா முடிச்சுட்டுக் கிளம்பினேன். நட்டை நல்லா முடுக்கினேனான்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன். முதல்ல முடுக்கின மாதிரிதான் இருந்துச்சு. இப்பல்லாம் பாதியில விட்ட மாதிரியே ஞாபகம் வருது." "கிளப்ல பட்டறைச் சாவியைக் குடுத்துட்டேன். இனிமே எந்த விமானத்துலயும் நான் கை வைக்க மாட்டேன். உங்களைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"இப்ப வந்து கேட்டு என்னத்துக்கு ஆகும்?" கொழுந்தியா வெடித்தாள். "போன கால் வருமா? ஒரு நட்டை ஒழுங்கா மாட்டத் தெரியல, உனக்கெல்லாம் எதுக்கு அந்த வேலை?"

"விடும்மா" என்றார் சகலை. மெக்கானிக் பெண் தலை நிமிரவில்லை.

பல் டாக்டர் ஜன்னலோரமாக நின்றிருந்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. திருகி குறைந்திருந்தது என்பதை இந்த உலகத்தில் எவரும் எந்தக் காலத்திலும் கண்டுபிடிக்கப் போவதில்லை. இன்னும் கொஞ்ச நேரம் வெளியே நிற்கும் கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், இந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விடுவாள், எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அந்த நட்டு அவரைப் பிடித்துக்கொண்டது. ஒழுங்காக முடுக்கிய நட்டு. அவர் சொன்ன பொய் அவள் கைக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டு, செய்த வேலையைச் செய்யவில்லை என்று அவளையே நம்ப வைத்துவிட்டிருந்தது. ஒரு கால் போனது போதாதென்று இரண்டு கைகளையும் வாங்கப் பார்க்கிறோமே என்று நினைத்தபோது அவர் ஜன்னலை விட்டுத் திரும்பினார்.

"நட்டு சரியாத்தான் இருந்துச்சு" என்றார்.

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ரேடியோவுல ஒரு கோளாறும் இல்ல. அவன் பேசினது கண்ணாடி மாதிரி தெளிவாக் கேட்டுச்சு. நான்தான் சத்தத்தைக் குறைச்சு வச்சுட்டேன்." தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. "குன்றுகிட்ட அவனை விசாரிக்கவே இல்ல. விசாரிக்காமலே நலம்னு சொல்லிட்டேன். அதிகாரி கேட்டப்பவும் பொய் சொன்னேன். அன்னிக்கு சாயங்காலமே உண்மையைச் சொல்லியிருந்தா..." தட்டையாகக் கிடந்த போர்வையைக் காட்டினார். "இது இருந்திருக்கும்."

மெக்கானிக் பெண்ணுக்கு விஷயம் உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "நான் தூங்கியே நாளாச்சு சார்" என்றாள் மெதுவாக. பிறகு குரல் ஏறியது. "எங்க அம்மாவை வேற திட்டிட்டேன், அன்னிக்கு எதுக்கு போன் பண்ணினீங்கன்னு. உள்ள வரத் தைரியமில்லாம வராந்தாவுலயே நின்னுட்டுப் போன என்னைத் தினமும் பார்த்தீங்களே சார். இதை அந்த அதிகாரிகிட்டயும் கிளப்லயும் சொல்லுவீங்கதானே?"

"இன்னிக்கே சொல்றேன்."

அவள் ரேடியோவைத் துண்டில் சுற்றினாள். சகலையிடம் மட்டும் தலையசைத்துவிட்டு வெளியே போனாள். கொழுந்தியா தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். சற்று முன்னால் மாமாவின் கைகளைப் பிடித்து அழுத கைகள். அவற்றை உடையில் அழுத்தித் துடைத்தாள். "அக்காவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். பல் டாக்டர் இல்லையென்று தலையாட்டினார். அவள் போனை எடுத்துக்கொண்டு கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள். மாமா என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை.

சகலைகள் இருவர் மட்டும் இருந்தார்கள். பல் டாக்டர் அடி விழக் காத்திருக்கிறவராகக் கட்டிலருகே நின்றார். "ஏதாவது சொல்லு" என்றார். "திட்டு. எதையாவது எடுத்து வீசு."

சகலை விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எப்பண்ணே குறைச்சீங்க?" என்று கேட்டார்.

"கட்டில் கதையில. மெத்தை உறை நீலமா பச்சையான்னு சொல்லிட்டிருந்தப்ப."

சகலை தலையை ஆட்டினார். கோபம் இல்லாத குரலில், ஒரு வாடிக்கையாளருக்கு விவரம் சொல்கிறவரைப் போல, "அந்தக் கதையை நான் முடிச்சேன்ணே" என்றார். "மூணாவது தடவையும் போய்ப் பார்த்தா, சத்தம் போட்டது கட்டிலே இல்ல. அந்தாளோட முழங்கால்தான் கிறீச்சிட்டிருக்கு. அவர் படுக்கும்போதுதானே மடங்கும்? அதைச் சொல்லிட்டு மைக்கை விட்டுட்டுக் காத்திருந்தேன். நீங்க சிரிக்கல."

பல் டாக்டருக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது.

"அண்ணனுக்குக் கதை பிடிக்கல போல, ரொம்ப இழுத்துட்டோம்னு நெனச்சுக்கிட்டேன். சரி, வேற நல்லதா ஒண்ணு சொல்லிச் சிரிக்க வைக்கலாம்னு யோசிச்சிட்டிருந்தேன். அப்பத்தான் இன்ஜின் நின்னுச்சு."

சொல்லிவிட்டு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பல் டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்தார். "தம்பி" என்று கூப்பிட்டார். இன்னொரு முறையும் கூப்பிட்டார். சகலைக்குத் தூக்கம் வரவில்லை என்பது அவர் தோள் ஏறி இறங்குவதிலேயே தெரிந்தது. பார்வையாளர் நேரம் முடிந்து நர்ஸ் வந்து எழுப்பும் வரை பல் டாக்டர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். சகலை அதற்குப் பிறகு ஒரு வார்த்தையும் பேசவில்லை.